ஆளெடுக்கும் அதிகாரம்: இந்தியத் தொழிலகங்களில் மனிதவள அலுவலர் பணி உருவான வரலாறு

இந்தியத் தொழிலகங்களிலும் அலுவலகங்களிலும் மனிதவள அலுவலர் என்று இன்று அழைக்கப்படுபவர், நிறுவனத்துக்கு வேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்; அவர்களுடைய வருகை, ஊதியம், விடுப்பு, வைப்புநிதி ஆகியவற்றின் கணக்கை ஒழுங்குபடுத்துகிறார்; பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதும், குற்றச்சாட்டுகளை விசாரிப்பதும், தொழிற்சங்கம் உள்ள இடங்களில் அதன் நிர்வாகிகளோடு பேசுவதும் அவருடைய கடமைகளே. சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை, வணிக நிர்வாகம் முதலிய படிப்புகளை முடித்த பட்டதாரிகள் பலர் ஆண்டுதோறும் இப்பணியை நாடி விண்ணப்பிக்கின்றனர். ஆயினும், பிறருக்கு வேலை தரும் இடத்தில் அமர்வதற்காகவே ஒருவர் படித்துப் பட்டம் பெற்று விண்ணப்பித்து நேர்காணலுக்குச் செல்லும் வழக்கம், நூறாண்டுகளுக்கு முன் இந்நாட்டில் இருந்ததில்லை. அன்று ஆளெடுக்கும் அதிகாரம் ஒரு பதவிக்கு உரியதாக இல்லாமல், ஜாபர், சர்தார், மேஸ்திரி, கங்காணி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறிய இடையாட்களின் கையில் இருந்தது. அதற்கு விலையும் இருந்தது. அந்த அதிகாரம் இடையாட்களிடமிருந்து எவ்வாறு மீட்கப்பட்டது, அதை ஏற்றுக்கொண்ட அலுவலருக்கு எத்தகைய தகுதிகள் விதிக்கப்பட்டன, அப்பதவிக்கு ஆட்கள் எவ்வழியாக வந்து சேர்ந்தனர் என்பவற்றை ஆராய்ந்தால், இப்பணி நிர்வாக வசதியைக் கருதி மட்டும் தோன்றவில்லை என்பதும், வேலைக்காகக் கையூட்டுக் கொடுக்க நேர்ந்த தொழிலாளரின் குறையே அதன் பிறப்புக்கு முதன்மையான காரணம் என்பதும் தெளிவாகும்.

இடையாட்களின் காலம்

1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் பம்பாயில் பஞ்சாலை ஒன்றை நிறுவியதைத் தொடர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாய், அகமதாபாத், கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் ஆலைகள் பெருகின. அவ்வாலைகள் பலவற்றில் மேலாளர்கள் பிரிட்டனின் லங்காஷயரிலிருந்தோ டண்டியிலிருந்தோ வந்தவர்களாக இருந்தமையால், தொழிலாளரின் மொழியும் ஊரும் வாழ்க்கைமுறையும் அவர்களுக்குத் தெரியாதிருந்தன. இந்த இடைவெளியை நிரப்பியவரே ஜாபர். இவர் தம் சொந்த ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைத் திரட்டி வந்தார்; அவர்களுக்குத் தொழில் பழக்கினார்; வேலையை மேற்பார்த்தார்; தங்க இடம் பார்த்துக் கொடுத்தார்; கைமுட்டான நேரத்தில் கடனும் கொடுத்தார். வங்காளச் சணல் ஆலைகளில் இவர் சர்தார் என்றும், சென்னை மாகாணத்தில் மேஸ்திரி என்றும் அழைக்கப்பட்டார். பம்பாய் ஆலைகளின் நூல் சுற்றும் பிரிவில் பெண்களுக்கு மேலாக நாய்க்கின் என்ற பெண் மேஸ்திரிகள் இருந்தனர்.

ஒருவரே ஆளெடுப்பவராகவும் மேற்பார்வையாளராகவும் கடன் கொடுப்பவராகவும் இருந்ததால் விளைந்த தீமை, கையூட்டு வழக்கமாகவே நிலைத்துப்போனது. வேலையில் சேருபவர் ஜாபருக்குத் தஸ்தூரி, அதாவது வழக்கப்படி தரவேண்டிய பங்கு, கொடுத்தாக வேண்டும். ஊருக்குச் சென்று திரும்புபவரும் பழைய இடத்தைப் பெற மீண்டும் கொடுத்தாக வேண்டும். சில இடங்களில் மாதச் சம்பளத்திலும் ஒரு பகுதி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. புதிதாகச் சேருபவர்களும் திரும்பி வருபவர்களுமே அவருடைய வருமானத்துக்கு ஊற்றாக இருந்ததால், இருக்கும் ஆட்களை நிலையாக வைத்திருப்பதைவிட அவர்களை அடிக்கடி வெளியேற்றிப் புதியவர்களைச் சேர்ப்பதே அவருக்கு ஆதாயமாக முடிந்தது. ஆலைகளில் தொழிலாளர் நிலைத்திருப்பதில்லை என்று முதலாளிகள் குறைபட்டுக்கொண்ட நிலைக்கு, தொழிலாளரின் ஊர்ப்பற்று மட்டுமன்றி இந்த ஏற்பாடும் காரணமாக இருந்தது.

தோட்டத் தொழிலில் இதே ஏற்பாடு கங்காணி முறை என்ற பெயரில் இன்னும் இறுக்கமான வடிவம் கொண்டது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் சென்றது பெரும்பாலும் இம்முறையிலேயே ஆகும். தோட்ட நிர்வாகத்திடம் முன்பணம் பெற்ற கங்காணி, தம் ஊருக்கு வந்து ஆட்களைத் திரட்டி, அவர்களுடைய சில்லறைக் கடன்களை அடைத்து, வழிச்செலவையும் ஏற்று அழைத்துச் செல்வார். அத்தொகை முழுவதும் தொழிலாளரின் பெயரில் கடனாக ஏறும். இலங்கையில் பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்குப் பிரிக்கும் முன் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் திடலில், எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்குக் கணக்கிட்டு அவர்களுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அவர்களுடைய கடன் தொகையைக் குறிப்பிட்டு, அதைச் செலுத்துபவரிடம் அவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று எழுதிய சீட்டு வழங்கப்பட்டது. துண்டு என்று பெயர் பெற்ற இச்சீட்டு, மனிதரின் உழைப்பைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் கருவியாக இருந்தமையால், 1921இல் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆளெடுப்பு என்பது அரசும் சட்டமும் தலையிட வேண்டிய பொருள் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இத்தகைய தடைகளே தொடக்ககாலச் சான்றுகளாகும்.

சங்கங்களும் அரச ஆணையமும்

இடையாட்களின் ஆட்சியை முதலில் எதிர்த்தவர்கள் தொழிலாளரே. சென்னைப் பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர், மேலாளர்களும் மேஸ்திரிகளும் நடத்திய விதத்தையும், மதிய உணவுக்குத் தரப்பட்ட குறுகிய இடைவேளையையும் பொறுக்க மாட்டாமல் ஒன்று கூடினர். அதன் விளைவாக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாகக் கருதப்படும் அதன் உருவாக்கத்தில் பி.பி. வாடியா, திரு.வி. கலியாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோர் முன்னின்றனர். 1921இல் அவ்வாலைகளில் நடந்த நீண்ட போராட்டமும், 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்த பொது வேலைநிறுத்தமும், தொழிலாளரின் குறைகளை நேரடியாகக் கேட்டுத் தீர்க்கும் ஏற்பாடு எதுவும் ஆலைகளில் இல்லை என்பதை அரசுக்கு உணர்த்தின.

இப்பின்னணியில் 1929இல் ஜே.எச். விட்லியின் தலைமையில் இந்தியத் தொழிலாளர் குறித்த அரச ஆணையம் அமைக்கப்பட்டது. என்.எம். ஜோஷி, வி.எஸ். சீனிவாச சாஸ்திரி ஆகியோர் உறுப்பினர்களாக இருந்த இந்த ஆணையம் 1931இல் வெளியிட்ட அறிக்கையே, இந்தியாவில் மனிதவளப் பணியின் வரலாற்றைத் தொடங்கிவைத்த ஆவணம் எனலாம். ஜாபரின் கையிலிருந்து ஆளெடுக்கும் அதிகாரத்தையும் வேலைநீக்கும் அதிகாரத்தையும் அகற்ற வேண்டும் என்றும், அதற்காக ஒவ்வொரு பெரிய தொழிலகத்திலும் தொழிலாளர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது. இந்த அலுவலர் தொழிலகத்தின் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். பிரிவுத் தலைவர்களைக் கலந்து அவரே நேரில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலாளர் தாமே நீக்கும் இடத்திலும் இவர் சொல்வதைக் கேட்ட பின்பே நீக்க வேண்டும் என்று அதன் வரையறை அமைந்தது. நேர்மை, ஆளுமை, ஊக்கம், மனிதர்களை அறியும் திறன், தொழிலாளரின் மொழியில் பேசும் ஆற்றல் ஆகியவற்றை அப்பதவிக்குரிய தகுதிகளாக ஆணையம் கருதியது. பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் தொழிலகங்களில் அவர்களுடைய நலனையும் மேற்பார்வையையும் கவனிக்கக் கல்வி பெற்ற பெண் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இடம்பெற்றிருந்தது.

இத்தகைய அலுவலருக்கு முன்மாதிரி பிரிட்டனில் இருந்தது. யார்க் நகரில் ரௌண்ட்ரீ குடும்பத்தாரின் கோகோ ஆலையில் 1896இல் மேரி வுட் என்ற பெண்மணி, அங்கு வேலை செய்த பெண்களின் நலனைக் கவனிப்பதற்கென அமர்த்தப்பட்டார். 1913இல் சீபோம் ரௌண்ட்ரீயின் முயற்சியால் யார்க்கில் கூடிய நலப்பணியாளர்கள் ஏற்படுத்திய சங்கம், பல பெயர் மாற்றங்களுக்குப் பின் அந்நாட்டு மனிதவளத் துறையினரின் பட்டய நிறுவனமாக வளர்ந்தது. எனினும் இரு நாடுகளின் தொடக்கத்துக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. பிரிட்டனில் இப்பணி நோயுற்றவரைப் பார்த்தல், உணவு, ஓய்வு என்ற நலப்பணிகளிலிருந்து தொடங்கியது. இந்தியாவிலோ, வேலை வாங்கித் தருவதற்குக் காசு கேட்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தேவையே அதற்கு முதல் உந்துதலாயிற்று.

பத்லி அட்டை

ஆணையத்தின் பரிந்துரை முதலில் நடைமுறைக்கு வந்த இடம் பம்பாய். 1934இல் பம்பாய் மாகாணம் தொழில் தகராறு சமரசச் சட்டத்தை இயற்றி, பஞ்சாலைத் தொழிலாளரின் குறைகளை முதலாளிகளிடம் எடுத்துச் சொல்வதற்கென அரசுத் தொழிலாளர் அலுவலர் ஒருவரை அமர்த்தியது. ஆலை முதலாளிகளின் சங்கமும் தன் சார்பில் ஓர் அலுவலரை அமர்த்திக்கொண்டது. தொடர்ந்து தனித்தனி ஆலைகளும் இத்தகைய பதவிகளை ஏற்படுத்தின. வங்காளத்தில், 1937இல் சணல் ஆலைகளில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்குள்ள முதலாளிகளும் இதே வழியைப் பின்பற்றினர்.

புதிய அலுவலரின் கைக்கு அதிகாரம் எவ்வாறு வந்தது என்பதை, 1935இல் பம்பாய் ஆலைகளில் கொண்டுவரப்பட்ட பத்லிக் கட்டுப்பாட்டு முறை காட்டுகிறது. பத்லி என்பவர், நிலையான தொழிலாளர் வராத நாளில் அவருடைய இடத்தில் வேலை செய்யும் மாற்றாள். அதுவரை, விடியற்காலையில் ஆலை வாயிலில் கூடி நிற்கும் கூட்டத்திலிருந்து தமக்கு வேண்டியவரைக் கைகாட்டி உள்ளே அழைப்பது ஜாபரின் உரிமையாக இருந்தது. அந்த ஒரு நாள் வேலைக்கும் விலை உண்டு. புதிய முறையில், மாதத்தின் முதல் நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு மட்டும் பத்லி அட்டை வழங்கப்பட்டது. அட்டை உடையவர்கள் நாள்தோறும் காலையில் ஆலைக்கு வந்து பதிவு செய்ய, அன்றைய காலியிடங்கள் அவர்களுக்கே கொடுக்கப்பட்டன. யார் எத்தனை நாள் வந்தார், யாருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது ஏட்டில் ஏறியதால், நிலையான இடம் காலியாகும்போது முன்னுரிமை கோருவதற்குத் தொழிலாளருக்கு ஆதாரம் கிடைத்தது. இம்முறையால் ஜாபர் உடனே மறைந்துவிடவில்லை. அட்டையைப் பெறுவதிலும் அவருடைய செல்வாக்கு சில இடங்களில் தொடரவே செய்தது. எனினும், ஒருவருடைய விருப்பத்தைச் சார்ந்திருந்த வேலை முதன்முறையாக ஏட்டையும் விதியையும் சார்ந்ததாயிற்று. மனிதவளப் பணியின் இன்றைய கருவிகளான வருகைப் பதிவு, பணிமூப்புப் பட்டியல், பணிப்பதிவேடு ஆகியவற்றுக்கு இந்த அட்டை முன்னோடி.

நிர்வாகத்தின் பக்கமிருந்தும் இதற்கு ஆதரவு பிறந்தது. ஜம்ஷெட்பூர் இரும்பாலையில் தொழிலாளர் எண்ணிக்கை பெருகிய நிலையில், ஜே.ஆர்.டி. டாட்டா 1943இல் எழுதிய குறிப்பு ஒன்றில், முப்பதாயிரம் எந்திரங்கள் இருந்தால் அவற்றைப் பராமரிக்கத் தனிப் பிரிவு வைத்திருப்போம் என்றும், மனமும் ஆன்மாவும் உடைய அத்தனை மனிதர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிட்டோம் என்றும் பொருள்படச் சுட்டிக்காட்டினார். 1947இல் அந்நிறுவனத்தில் பணியாளர் துறை முறையாக ஏற்படுத்தப்பட்டது.

சட்டம் உருவாக்கிய பதவி

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கான விதிகளை எழுத்தில் வரையறுக்கச் செய்யும் நிலையாணைச் சட்டம் 1946இலும், தகராறுகளைத் தீர்க்கும் முறையை வகுத்த தொழில் தகராறுகள் சட்டம் 1947இலும், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் ஆகிய மூன்றும் 1948இலும், வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இலும் இயற்றப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நிறுவனங்கள் ஏடுகளைப் பராமரிக்கவும், படிவங்களைச் சமர்ப்பிக்கவும், ஆய்வாளர்களுக்கு விடை சொல்லவும் வேண்டிய நிலையை உண்டாக்கியதால், சட்டம் படித்த ஆள் ஒருவர் தொழிலகத்துக்குள் இருப்பது இன்றியமையாததாயிற்று.

இவற்றுள் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு தனிக் கவனத்துக்கு உரியது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வழக்கமாக வேலை செய்யும் தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் நல அலுவலர் அமர்த்தப்பட வேண்டும் என்று விதித்த அப்பிரிவு, அவருடைய கடமைகளையும் தகுதிகளையும் பணி நிபந்தனைகளையும் வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தோட்டங்களுக்கும் இத்தகைய அலுவலரை விதித்தது. கங்காணி ஆண்ட மலைத்தோட்டங்களில் சட்டத்தின் பெயரால் ஓர் அலுவலர் நுழைந்தது இவ்வாறே. மாநில விதிகள் பொதுவாக மூன்று தகுதிகளைக் கோரின: பல்கலைக்கழகப் பட்டம், அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் சமூக அறிவியலில் பெற்ற பட்டமோ பட்டயமோ, தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழியில் போதிய அறிவு. அரச ஆணையம் கருதிய மொழியாற்றல், இவ்வாறு சட்ட விதியாகவே மாறியது.

விதி இவ்வாறு தகுதியை வரையறுத்ததும், அத்தகுதியை அளிக்கும் கல்வி நிலையங்கள் பெருகின. பம்பாயில் கிளிஃபர்ட் மேன்ஷார்ட் முதல் இயக்குநராக இருக்க 1936இல் தொடங்கப்பட்டு, 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்ற பள்ளி இவற்றுள் மூத்தது. ஜம்ஷெட்பூரில் இயேசு சபையினர் 1949இல் நிறுவிய சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம், தொழிற்சங்கத்தாரையும் மேலாளர்களையும் ஒருங்கே கருதித் தொடங்கப்பட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் தோன்றிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும், பின்னர் 1973இல் மாநில அரசு ஏற்படுத்திய தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையமும் தமிழகத்து ஆலைகளுக்கு நல அலுவலர்களை உருவாக்கித் தந்தன. இதே காலத்தில் 1948இல் கல்கத்தாவிலும் 1950இல் பம்பாயிலும் தோன்றிய இரு தொழில்முறை அமைப்புகள், 1980இல் ஒன்றிணைந்து தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம் ஆயின.

பதவிக்கு வந்த வழிகள்

இப்பதவிக்கு ஆட்கள் வந்து சேர்ந்த வழிகள் காலத்துக்குக் காலம் மாறின. தொடக்கத்தில், சட்டம் படித்தவர்களும், கட்டுப்பாட்டுக்குப் பெயர் பெற்ற முன்னாள் இராணுவ அதிகாரிகளும் இதில் அமர்த்தப்பட்டனர். மற்றொரு வழி, ஆலைக்குள்ளேயே இருந்த டைம் ஆபீஸ். தொழிலாளர் உள்ளே நுழையும்போது டோக்கனைப் பெற்றுக் கொண்டு, மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் குறித்து, மாத முடிவில் மிகைநேரம், விடுப்பு, பிடித்தம் ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் இவ்வலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர்களுள் பலர், தொழிலாளர் ஒவ்வொருவரையும் பெயரும் எண்ணும் சொல்லி அறிந்தவர்களாக இருந்தமையால், மாலை நேரப் படிப்பில் தொழிலாளர் சட்டப் பட்டயம் பெற்றுப் பணியாளர் அலுவலர்களாக உயர்ந்தனர். மூன்றாவது வழி, மேற்சொன்ன கல்வி நிலையங்களின் களப்பயிற்சி. வாரத்தில் சில நாள்கள் ஏதேனும் ஓர் ஆலையில் பயிற்சி மாணவராக இருந்தவர், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பெறுவது அரிதன்று.

வேலையற்றோருக்கான பொது வாயில்களும் இக்காலத்தில் விரிந்தன. போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள், 1948 முதல் அனைவருக்கும் திறக்கப்பட்டன. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் சட்டம் 1959இல் வந்தது. காலியிடங்களை அறிவிப்பது நிறுவனத்தின் கடமை என்ற இக்கொள்கை, மேஸ்திரியின் காதோடு காதாக நடந்த ஆளெடுப்புக்கு நேர் எதிரானது. நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களும் இதே வெளிப்படைத் தன்மையை வேறு வகையில் வளர்த்தன. தகுதி, வயது, அனுபவம், சம்பள விகிதம் ஆகியவை அச்சில் வந்த பின், விண்ணப்பித்தவர் எதன் அடிப்படையில் ஏற்கப்பட்டார் அல்லது மறுக்கப்பட்டார் என்று கேட்பதற்கு இடம் உண்டாயிற்று.

இரண்டு தரப்புக்கும் இடையில்

சட்டம் இப்பதவியை உருவாக்கியபோதே அதில் ஒரு முரண்பாடும் உடன் பிறந்தது. நல அலுவலர் தொழிலாளரின் குறைகளைக் கேட்டு நிர்வாகத்திடம் எடுத்துரைக்க வேண்டியவர். அவருக்குச் சம்பளம் தருவதோ நிர்வாகம். தொழிலாளருக்காக அழுத்திப் பேசினால் வேலை போகும் என்ற அச்சத்தைப் போக்க, சில மாநிலங்களின் விதிகள் அவருக்குப் பாதுகாப்பு அளித்தன. பஞ்சாபில் நல அலுவலர் ஒருவரைச் சிமெண்ட் ஆலை நிர்வாகம் பணிநீக்கம் செய்ததை எதிர்த்து அவர் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்ய, அவ்வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய மேல்முறையீட்டைக் கேட்கும் மாநில அரசு, நீதித்துறைத் தன்மை கொண்ட ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்று நீதிமன்றம் 1964 டிசம்பரில் விளக்கியது. ஒரு தனியார் ஆலையின் அலுவலரை நீக்குவது முதலாளியின் சொந்த விருப்பத்துக்கு மட்டும் உரிய செயலாக இனியும் இருக்க முடியாது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

நடைமுறையில் இப்பாதுகாப்பு எல்லா இடங்களிலும் பயன் தரவில்லை. ஆலைகள் பல, சட்டம் கோரிய நல அலுவலரையே பணியாளர் அலுவலராகவும் ஆக்கி, குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பது, உள்விசாரணை நடத்துவது, தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் சார்பில் நிற்பது ஆகிய பணிகளை அவரிடமே ஒப்படைத்தன. காலையில் குறை கேட்டவரே மாலையில் தண்டனைக் கடிதம் கொடுப்பவராக இருந்தால் அவரிடம் மனம்விட்டுப் பேச எவரும் முன்வரமாட்டார். நீதியரசர் பி.பி. கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969இல் அளித்த அறிக்கை, தொழில் தகராறுகளில் நிர்வாகத்தின் சார்பாகச் செயல்படுமாறு நல அலுவலரைப் பணிக்கக் கூடாது என்று பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம். அப்பரிந்துரையின் நோக்கம் இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை.

மனிதவளம் என்ற புதிய நோக்கு

1970களின் நடுவில் இத்துறையின் நோக்கு மாறத் தொடங்கியது. உதய் பரீக், டி.வி. ராவ் ஆகிய இரு பேராசிரியர்களின் ஆலோசனைப்படி, லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் 1975இல் மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தியது. ஊழியரின் திறனை மதிப்பிட்டு, பயிற்சியாலும் பதவி உயர்வாலும் அதை வளர்ப்பதே நிர்வாகத்தின் முதன்மைப் பொறுப்பு என்பது அவர்களுடைய கொள்கை. பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் இதைப் பின்பற்றின. 1985இல் மனிதவள மேம்பாட்டு வலையமைப்பு என்ற தேசிய அமைப்பு தோன்றியது. அதே ஆண்டில் மத்திய அரசும் தன் கல்வி அமைச்சகத்துக்கு மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயரிட்டது. பணியாளர் அலுவலர், தொழிலாளர் நல அலுவலர் என்ற பதவிப் பெயர்கள் படிப்படியாக மனிதவள அலுவலர் என்று மாறின.

1991இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் இம்மாற்றம் விரைவடைந்தது. விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வழியாகப் பழைய ஆலைகளில் ஆட்களைக் குறைப்பதும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குக் கல்லூரி வளாகங்களிலேயே ஆட்களைத் திரட்டுவதும் ஒரே காலத்தில் மனிதவளத் துறையின் பணிகளாயின. 1997இல் தொடங்கிய நௌக்ரி, 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன் முதலிய இணையத் தளங்கள் நாளிதழ் விளம்பரத்தின் இடத்தைப் பிடித்தன. பணி நாடுவோரிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதிகளும் மாறின. முன்பு நேர்காணலில் நிலையாணையின் நடைமுறையும் உள்விசாரணையின் படிநிலைகளும் கேட்கப்பட்டன. இப்போது ஊதியக் கணக்கு மென்பொருள், திறன் மதிப்பீட்டு முறை, ஆட்சேர்ப்பு இலக்கு ஆகியவை பற்றி மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. சங்கம் இல்லாத அலுவலகங்களில், ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் உள்ள ஒரே வாயில் மனிதவள அலுவலரே என்ற நிலையும் உருவாயிற்று. 2013இல் இயற்றப்பட்ட பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழுவை விதித்ததால், குறை கேட்கும் பொறுப்பு மீண்டும் சட்டத்தின் வலிமையோடு பணியிடத்துக்குள் வந்தது.

ஆயினும் ஆளெடுப்பின் பெரும்பகுதி, குறிப்பாகத் தொழிற்சாலைத் தளத்தில், மனிதவள அலுவலரின் கையைவிட்டு நழுவிச் சென்றது. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்த 1970இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், உற்பத்தியில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு பெருகியே வந்தது. ஒப்பந்ததாரர் ஆட்களைத் தேடிக் கொண்டுவந்து தருகிறார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தொகை செல்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளரின் தங்குமிடமும் முன்பணமும் அவர் பொறுப்பிலேயே உள்ளன. ஜாபருக்கும் கங்காணிக்கும் உரியவையாக இருந்த பணிகள் ஏறத்தாழ முழுமையாக இவரிடம் வந்து சேர்ந்துவிட்டன. நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையிலான ஊதிய வேறுபாடும், கேட்க ஆளில்லாத குறைகளும் பல தொழில் வட்டாரங்களில் கொந்தளிப்பை உண்டாக்கின. 2009இல் கோயம்புத்தூரிலும் 2012இல் அரியானாவின் மானேசரிலும் தொழில் தகராறு முற்றிய சூழலில், மனிதவளத் துறையின் உயர் அலுவலர்கள் வன்முறைக்குப் பலியாயினர். எந்தக் காரணமும் நியாயப்படுத்த முடியாத இவ்விழப்புகள், இரு தரப்பின் நம்பிக்கையும் அற்றுப்போன இடத்தில் இப்பணியில் இருப்பவர் எத்தகைய இடருக்கு ஆளாகிறார் என்பதையும் உணர்த்துகின்றன.

நாடாளுமன்றம் 2020இல் இயற்றிய பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், நல அலுவலரை அமர்த்துவதற்கான தொழிலாளர் எண்ணிக்கையைத் தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை 500இலிருந்து 250ஆகக் குறைத்துள்ளது. இதனால் இப்பதவியிடங்கள் பெருகக்கூடும். இப்பணியை நாடும் இளைஞர்களுக்கு அது நல்ல செய்தியே. ஆனால் எண்ணிக்கை மட்டும் பெருகிப் பயனில்லை. ஆட்களைத் தாமே நேரில் தேர்ந்தெடுக்கும் உரிமை, நீக்கும் முன் தம் கருத்தைச் சொல்லும் உரிமை, மேலாளரைத் தவிர எவருக்கும் கட்டுப்படாத நிலை ஆகியவற்றை 1931இன் ஆணையம் இப்பதவிக்கு அடிப்படையாக வைத்தது, அலுவலரின் பெருமைக்காக அன்று. வேலை தேடி வருபவர் எந்த இடையாளுக்கும் காசு கொடுக்காமல் தம் தகுதியால் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காகவே. ஒப்பந்ததாரரிடமும் முகவரிடமும் ஆளெடுப்பை ஒப்படைத்துவிட்டு அவர்களுடைய பட்டியலில் கையொப்பமிடுபவராக மனிதவள அலுவலர் சுருங்கினால், அவருடைய பதவி நிலைத்திருந்தாலும் அது உருவாக்கப்பட்ட காரணம் அழிந்துவிடும். அந்த உரிமைகளைச் சட்டம் மீண்டும் தெளிவாக வழங்குவதும், அவற்றைப் பயன்படுத்தும் துணிவை இப்பணிக்கு ஆள் உருவாக்கும் கல்வி நிலையங்கள் கற்பிப்பதும், நூறாண்டுகளாகத் தொழிலாளர் போராடிப் பெற்ற ஓர் ஏற்பாட்டைக் காப்பதற்கு இன்றியமையாதவை.